பழைய இரட்டைக்குழலுக்கு எந்தத் தோட்டா?

வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் கைக்குச் சிறுவயதில் முதன்முதலாக வந்த துப்பாக்கி ஓர் இரட்டைக்குழல். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. வந்தபோதே அதன் வலது குழல் பிளந்திருந்தது. எவரோ அளவுக்கு மீறி மருந்தைக் கெட்டித்திருந்தார். அந்த வெடிப்பில் கட்டையும் உடைந்துபோக, பித்தளைக் கம்பியைச் சுற்றித்தான் குழலையும் கட்டையையும் ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். குமாவுன் மலையடிவாரக் காட்டில் அந்தச் சிறுவன் இடது குழலை மட்டும் வைத்துச் சமாளித்தான். 'ஜங்கிள் லோர்' என்ற நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

பழைய துப்பாக்கி என்றதும் நமக்குள் எழும் அச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது. ஆனால் சாட்சி சொல்வதைச் சரியாகக் கேட்க வேண்டும். அந்தக் குழலைப் பிளந்தது உள்ளே போன மருந்து. குழலின் வயதுக்கு அதில் பங்கு இருந்ததாக அவர் சொல்லவில்லை. நூறு வயதைத் தாண்டிய இரட்டைக்குழல்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் சுடப்படுகின்றன. எந்தத் தோட்டாவுக்காகக் கட்டப்பட்டனவோ அந்தத் தோட்டாவையே கொடுத்தால் பேரன் காலத்திலும் சுடும். பெட்டியில் '12 போர்' என்று போட்டிருக்கிறதே என்று கடையில் கிடைத்ததை வாங்கித் திணித்தால் கார்பெட்டின் கைக்கு வந்த துப்பாக்கியின் கதிதான்.

இங்கே பேசுவது பெரும்பாலும் 1870 முதல் 1914 வரை பர்மிங்காமிலும் லண்டனிலும் செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பற்றி. நடுவில் முறித்து, பின்பக்கமாகத் தோட்டாவைப் போடும் அமைப்பை 1830-களில் பாரிஸில் காசிமிர் லெஃபோஷே கொண்டுவந்தார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அதைப் பார்த்த பிறகுதான் ஆங்கிலேயப் பட்டறைகள் விழித்துக்கொண்டன. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலை அசுர வேலை. 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையைச் சேர்ந்த ஆன்சனும் டீலியும் வெளியே துருத்திக்கொண்டிருந்த குதிரைகளை உள்ளே மறைத்தார்கள். 1880-இல் ஃபிரெடரிக் பீஸ்லி உருவாக்கி பர்டி நிறுவனத்துக்கு விற்ற இயந்திர அமைப்பை அந்நிறுவனம் இன்றுவரை செய்துவருகிறது. இரட்டைக்குழலின் எலும்புக்கூடு அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று சொல்லலாம். அதன் பிறகு மாறிக்கொண்டே இருந்தது தோட்டா. எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தியாவுக்கும் இவை ஏராளமாக வந்தன. கல்கத்தாவில் மேன்டன், ராடா நிறுவனங்கள் விற்றன. சென்னையில் கடிகாரக் கடையாக நாம் அறிந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. ஜமீன் வீடுகளிலும் தோட்டத் துரைமார்களின் பங்களாக்களிலும் இருந்தவற்றில் சில, தாத்தா பெயரிலிருந்து பேரன் பெயருக்கு உரிமம் மாறி, இன்றும் பூட்டிய அலமாரிகளில் இருக்கின்றன. உரிமத்தில் 'டி.பி.பி.எல். 12 போர்' (பின்பக்கமாகத் தோட்டா போடும் 12 போர் இரட்டைக்குழல்) என்று ஒரே வரி இருக்கும். அந்த வரி சொல்லாமல் விடுவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

12 போர் என்பது குழலின் உள்விட்டத்தை மட்டும் சொல்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வோர் உருண்டையும் எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அது 12 போர், 0.729 அங்குலம், அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டையாக வார்த்தால் இன்னும் சிறிய குழல், 20 போர். தோட்டா அறையின் நீளம் என்ன, எவ்வளவு அழுத்தம் தாங்கும், எவ்வளவு ரவை போடலாம் என்ற மூன்றையும் பற்றி இந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது.

முதலில் நீளம். அந்தக் காலத்து ஆங்கிலேய 12 போர்களில் பெரும்பான்மைக்கு அறை இரண்டரை அங்குலம். இன்றைய கணக்கில் 65 மி.மீ. தோட்டா என்பார்கள். இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மி.மீ., அதாவது இரண்டே முக்கால் அங்குலம். நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் போகாதே, போகாவிட்டால் தெரிந்துவிடுமே என்று நினைப்போம். போகும். சிக்கலே அதுதான். பெட்டியில் அச்சிடும் நீளம் சுட்ட பிறகு தோட்டாவுக்கு இருக்கும் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய் உள்நோக்கி மடித்து மூடப்பட்டிருப்பதால், 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். துப்பாக்கியும் 'டக்'கென்று மூடிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் இருக்காது.

விசையை இழுத்ததும் மடிப்பு விரிய வேண்டும். அறை முடியும் இடத்தில் குழல் கூம்பு போலக் குறுகி 18.5 மி.மீ.க்கு இறங்குகிறது. விரியும் வாய் இந்தக் கூம்புக்குள் போய் வழியை மேலும் குறுக்குகிறது. தக்கையும் ரவையும் அந்த இடுக்கு வழியே பிதுங்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் பின்னால் வாயுவின் அழுத்தம் ஏறுகிறது. நீளத்தால் மட்டுமே ஏறும் அழுத்தம் பல நேரங்களில் சிறியதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய தொந்தரவு வேறு: 70 மி.மீ. தோட்டாவை நிரப்பியவர்கள் 70 மி.மீ. அறை கொண்ட இன்றைய துப்பாக்கி தாங்கும் அழுத்தத்தை மனத்தில் வைத்து நிரப்பியிருக்கிறார்கள். நீளம் பொருந்தவில்லை என்பது அழுத்தமும் பொருந்தவில்லை என்பதன் அடையாளம்.

அழுத்தம் என்றால் மருந்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75:15:10 விகிதத்தில் கலந்த கருமருந்துதான் பல நூற்றாண்டுகள் துப்பாக்கியை இயக்கியது. எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகையாகவும் கசடாகவுமே மிஞ்சும். கசடு ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரிக்கும். பழைய குழல்களுக்குள் எட்டிப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். பழைய தோட்டாக்களின் பொறிமூடியில் இருந்த குளோரேட் உப்பும் தன் பங்குக்குத் துருவைச் சேர்த்தது.

1846-இல் வேதியியலாளர் ஷோன்பைன் பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்து நைட்ரோசெல்லுலோஸைக் கண்டுபிடித்தார். அதைத் துப்பாக்கிக்கு அடக்கிக் கொண்டுவர நாளானது. 1860-களில் பிரஷ்யப் பீரங்கிப் படை அதிகாரி ஷுல்ட்ஸ் மரத்தூளை நைட்ரோ ஆக்கிச் செய்த மருந்து, இரட்டைக்குழலுக்குள் நுழைந்த முதல் புகையில்லா மருந்துகளில் ஒன்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கருமருந்து எரியும் வேகம் சுற்றியிருக்கும் அழுத்தத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. நைட்ரோ மருந்து அப்படியில்லை. அழுத்தம் கூடினால் அது வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். வழியில் சின்னத் தடை, ரவையில் கொஞ்சம் கூடுதல் எடை, மடிப்பில் கொஞ்சம் கூடுதல் இறுக்கம், வெயிலில் காய்ந்த தோட்டா, எது வந்தாலும் இந்தச் சுழல் அதைப் பெருக்கிக் காட்டும். கருமருந்து மன்னித்துவிட்ட தவறுகளை நைட்ரோ மன்னிப்பதில்லை.

இன்னொரு குழப்பமும் அந்தக் காலத்தில் நடந்தது. கருமருந்தை 'டிராம்' அளவுக் கிண்ணத்தில் அளந்துதான் தோட்டாவில் போடுவார்கள். ஷுல்ட்ஸ் போன்ற முதல்கட்ட மருந்துகள், அதே கிண்ணத்தில் அளந்தாலும் சரியாக வரும்படி அடர்த்தி குறைவாகச் செய்யப்பட்டவை. பின்னால் 1887-இல் நோபல் கொண்டுவந்த பாலிஸ்டைட் முதலானவை அடர்த்தியானவை. அவற்றைக் கிண்ணத்தில் அளக்கவே கூடாது, தராசில் நிறுக்க வேண்டும். வீட்டில் தோட்டா நிரப்புபவர் பழக்கதோஷத்தில் கிண்ணத்தை எடுத்தால் உள்ளே போவது வேண்டியதற்கு இரு மடங்கையும் தாண்டும். எத்தனை குழல்கள் இப்படிப் போயின என்று கணக்குச் சொல்ல முடியாது. பழி மட்டும் குழலின் மேல் விழுந்தது. அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் இன்றும் காணும் 'டிராம் சமம்' என்ற குறிப்பு அந்தக் கிண்ணத்தின் எச்சம். மூன்று டிராம் சமம் என்றால் மூன்று டிராம் கருமருந்து தரும் வேகத்தை இது தரும் என்றே பொருள். வேகத்தைச் சொல்லும் அந்தக் குறிப்பு அழுத்தத்தைச் சொல்லாது. பழைய துப்பாக்கிக்காரர்கள் இதில் ஏமாறுவது வழக்கம்.

அழுத்தத்தை எப்படி அளந்தார்கள் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முறையில், சோதனைக் குழலின் அறைச்சுவரில் துளையிட்டு, அதில் ஒரு தண்டை வைத்து, அதன் மேல் செம்பு அல்லது ஈய உருளையை வைப்பார்கள். சுட்டதும் தண்டு உருளையை நசுக்கும். எவ்வளவு நசுங்கியது என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டு அழுத்தத்தைப் படிப்பார்கள். ஆனால் உச்ச அழுத்தம் ஓரிரு மில்லிநொடிகூட நீடிப்பதில்லை. உருளை முழுதாக நசுங்கி முடிப்பதற்குள் உச்சம் கடந்துவிடும். அதனால் அளவு உண்மையைவிடக் குறைவாகவே வரும். இன்று குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தும்போது எழும் மின்னேற்றத்தைக் கொண்டு ஒவ்வொரு நுண்நொடியையும் வரைபடமாக எடுக்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? 1954-க்குப் பின் சோதிக்கப்பட்ட பழைய ஆங்கிலேயக் குழலில் 'சதுர அங்குலத்துக்கு 3 டன்' என்று முத்திரை இருக்கும். ஆங்கிலேய டன் 2,240 பவுண்டு. பெருக்கினால் 6,720 பவுண்டு, ஏறத்தாழ 460 பார். இதைப் பார்த்துவிட்டு இன்றைய தோட்டாவின் படிக அளவோடு ஒப்பிட்டால் எதுவுமே பொருந்தாது. அந்த 3 டன்னைப் படிகத்தில் அளந்தால் சுமார் 600 பாருக்கு வரும். ஐரோப்பியத் துப்பாக்கிச் சோதனை அமைப்பான சி.ஐ.பி. இன்றைய சாதாரண 12 போர் தோட்டாவுக்கு அனுமதிக்கும் சராசரி உச்சம் 740 பார்; மேக்னம் வகைக்கு 1,050 பார். அமெரிக்காவின் சாமி அமைப்பு 70 மி.மீ. தோட்டாவுக்கு வைத்திருக்கும் வரம்பு 11,500 பவுண்டு, ஏறத்தாழ 790 பார். 600-க்காகக் கட்டிய குழலில் 790 போடுவது உடனே வெடிக்கும் என்று சொல்லவில்லை. கட்டியவர் ஒதுக்கிவைத்த பாதுகாப்பு இடைவெளியை ஒவ்வொரு சுடுதலிலும் நாம் தின்றுகொண்டிருக்கிறோம்.

இனி, எல்லோரும் பயப்படும் தமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் மாறி மாறி அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒரே கம்பியாக்குவார்கள். அந்தக் கம்பியை முறுக்கி, இரண்டு மூன்று கம்பிகளைப் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்து நாடாவாக்கி, அதை ஓர் உருளையின் மேல் புரி புரியாகச் சுற்றி, மறுபடி காய்ச்சி அடித்துக் குழலாக்குவார்கள். பின் கடைந்து, அராவி, அமிலத்தில் பழுப்பேற்றினால் இரும்பு ஒரு நிறமாகவும் எஃகு ஒரு நிறமாகவும் வந்து குழல் முழுக்கச் சுருள் சுருளாகக் கோலம் எழும். பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே நெசோன்வோ கிராமத்துக்காரர்கள் இதில் மன்னர்கள். முதல் உலகப் போரோடு அந்தக் கலை ஏறக்குறைய முடிந்துபோனது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகுக் கட்டிகள் கப்பலேறிப் போய் மேற்காசியாவில் தமாஸ்கஸ் வாள்களான வரலாறு நமக்குத் தெரியும். இந்தக் குழல்களின் கோலம் வேறு வழியில், பற்றவைப்பில் வந்தது. ஊர்ப்பெயர் மட்டும்தான் பொது. சாதாரண எஃகுக் குழலின் மேல் அமிலத்தால் கோலம் மட்டும் வரைந்து ஏமாற்றியவர்களும் இருந்தார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

நைட்ரோ மருந்து வந்தால் தமாஸ்கஸ் குழல் புரி பிரிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 1891-இல் பர்மிங்காம் சோதனைச் சாலையில் பலவகைக் குழல்களை ஒப்பிட்டுச் சோதித்தபோது முதலிடத்தைப் பிடித்தது ஆங்கிலேயப் பற்றவைப்புக் குழல் ஒன்று. வார்ப்பெஃகுக் குழல்கள் அதற்குப் பின்னால்தான். பின்னாளில் பல தமாஸ்கஸ் துப்பாக்கிகள் நைட்ரோ சோதனைக்கே அனுப்பப்பட்டுத் தேறி, அதற்கான முத்திரையோடு திரும்பியிருக்கின்றன. ஆகவே தமாஸ்கஸ் என்பதாலேயே ஒரு குழலை ஒதுக்குவது அறியாமை என்பேன். ஆனால் எல்லாத் தமாஸ்கஸும் ஒன்றல்ல. பற்றவைப்பின் தரம் செய்தவனின் கையைப் பொறுத்தது. மடிப்புகளுக்கு இடையே சிக்கிய கசடு நூறாண்டுத் துருவுக்கு வழிவிட்டிருக்கலாம். அது வெளியே தெரியாது. நல்ல தமாஸ்கஸையும் கெட்ட தமாஸ்கஸையும் கண்ணால் பிரிக்க முடியாது என்பதுதான் உண்மையான ஆபத்து.

அளவுகோலால் பிரிக்கலாம். வாயு குழலை வட்டமாகப் பிளக்கப் பார்க்கும்போது உலோகத்தில் எழும் இழுவிசையை, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுத்தால் ஏறத்தாழ அறியலாம். அறைப் பகுதியில் அழுத்தம் 600 பார், ஆரம் 10 மி.மீ., சுவர் மூன்றரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால் உலோகத்தின் மேல் சுமார் 170 மெகாபாஸ்கல் விழுகிறது. முன்னே ஒன்பது அங்குலம் போனதும் அழுத்தம் நூற்று முப்பது, நூற்று நாற்பது பாருக்குச் சரிந்திருக்கும். ஆனால் அங்கே சுவர் ஒரு மி.மீ.க்கும் குறைவு. 0.8 மி.மீ. என்று வைத்தால் இழுவிசை மறுபடி 160-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பழைய கொல்லர்கள் சூத்திரம் எழுதாமலே குழலை முன்னே மெலிதாக்கி எடையைக் குறைத்த சாமர்த்தியம் இது. இந்த இடத்தில்தான் பின்வந்தவர்கள் கைவைத்தார்கள். துருக்குழிகளைப் போக்க உள்ளே தேய்த்தார்கள், பள்ளத்தை மறைக்க வெளியே அராவினார்கள். 0.8 இருந்த இடத்தில் 0.4 ஆனால் இழுவிசை இரட்டிப்பாகும். பளபளவென்று கண்ணாடி போல மின்னும் பழைய குழலைக் கண்டால் நான் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே அதிகம். இருபது 'தவ்', அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு (சுமார் அரை மி.மீ.) என்பதை ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் மெல்லிய இடத்தின் குறைந்தபட்சச் சுவராகப் பொதுவாக ஏற்கிறார்கள்.

முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. லண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. அங்கே வழக்கமான தோட்டாவைவிடக் கணிசமாகக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் குழலின் அடிப்பக்கத்தில் முத்திரை குத்துவார்கள். நைட்ரோ சோதனை முத்திரை 1904 விதிகளுக்குப் பிறகு தெளிவாகக் காணப்படும். அது இல்லாத குழல் கருமருந்துக்கு மட்டுமே தேறியது என்று கொள்ள வேண்டும். 1925 விதிகளுக்குப் பின் ரவையின் எடை அவுன்ஸில் இருக்கும். 1954-க்குப் பின் டன் கணக்கு. 'நாட் ஃபார் பால்' என்று பொறித்திருந்தால் குழல் முனை குறுக்கப்பட்டது, ஒற்றைக் குண்டு போடக்கூடாது என்று அர்த்தம்.

ஆனால் முத்திரை அது குத்தப்பட்ட நாளுக்குத்தான் சாட்சி. 1910-இல் தேறிய குழலை 1960-இல் யாராவது தேய்த்திருக்கலாம். அதனால்தான் பிரிட்டனில் ஒன்பது அங்குல தூரத்தில் உள்விட்டத்தை மானியால் அளந்து, முத்திரையில் உள்ள அளவோடு ஒப்பிடுகிறார்கள். வரம்பைத் தாண்டி அகன்றிருந்தால் அந்தத் துப்பாக்கி மறுசோதனை இல்லாமல் விற்கத்தக்கதல்ல, விற்றால் குற்றம்.

வெடித்த குழலைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணத்தை ஊகிக்கலாம். அறைப் பகுதியே சிதறியிருந்தால் தோட்டாவின் அழுத்தம் மீறியிருக்கிறது. அறைக்கு முன்னே, குழலின் நடுவில் வீங்கியோ கிழிந்தோ இருந்தால் அங்கே ஏதோ அடைப்பு இருந்திருக்கிறது. எவ்வளவு புதிய, எவ்வளவு தடித்த குழலும் இதிலிருந்து தப்பாது. அடைப்புகளில் மிகக் கொடியது 20 போர் தோட்டா. தவறி 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கி முன்னே போய்க் கூம்பில் சிக்கி நிற்கும். அறை காலியாகத் தெரியும். விசை இழுத்தும் சுடவில்லையே என்று இன்னொரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் முன்னால் நிற்பதும் சேர்ந்து வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் மட்டுமே செய்வது என்ற ஏற்பாடு இதனால் வந்தது. நம் ஊர் ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்த தோட்டாவிடம் வேறு ஆபத்து. 'படார்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று சத்தம் வந்தால் தக்கை குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். துப்பாக்கியை முறித்து, தோட்டாவை எடுத்துவிட்டு, பின்புறமிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைப் போடவே கூடாது.

அழுத்தம் குழலைத் தாக்கும். உதைப்பு கட்டையைத் தாக்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். அழுத்தம் குறைந்த தோட்டாவும் ரவை கனமாக இருந்தால் பலமாக உதைக்கும். முன்னே போகும் ரவை, தக்கை, வாயு ஆகியவற்றின் உந்தத்துக்குச் சமமான உந்தத்தோடு துப்பாக்கி பின்னே வருகிறது, அவ்வளவுதான். மூன்று கிலோ துப்பாக்கியில் 28 கிராம் ரவையை நொடிக்கு 380 மீட்டரில் அனுப்பினால் துப்பாக்கி பின்வாங்கும் வேகம் சுமார் நாலரை மீட்டர். 36 கிராமை 400 மீட்டரில் அனுப்பினால் ஆறு மீட்டர். ஆற்றல் வேகத்தின் இருமடியோடு வளர்வதால், தோளும் கட்டையும் வாங்கும் அடி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நூறாண்டு எண்ணெய் ஊறி மெத்தென்றான வால்நட் கட்டை, இயந்திரம் பொருந்தும் கழுத்தில் விரிசல் விடுவது இப்படித்தான். துப்பாக்கித் தயாரிப்பாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் சொன்ன பழைய விதி ஒன்று உண்டு: துப்பாக்கி, ரவையைப்போல் 96 மடங்கு எடை இருக்க வேண்டும். 28 கிராமுக்கு 2.7 கிலோ, 36 கிராமுக்கு மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆங்கிலேயத் துப்பாக்கிகள் மூன்று கிலோவைச் சுற்றியே இருப்பதால் 28 கிராமோ அதற்குக் குறைவோதான் அவற்றுக்கு ஏற்றது. ஈலி, கேம்போர் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே 65 மி.மீ. தோட்டாக்களை இன்றும் செய்கின்றன. களிமண் தட்டை உடைக்க 24 கிராம் தாராளம். ஒலிம்பிக்கிலேயே அதுதான் அளவு.

ரவையின் உலோகமும் இப்போது கேள்வியாகிவிட்டது. நீர்ப்பறவைகள் சிறு கற்களோடு ஈய ரவையையும் விழுங்கி நஞ்சேறிச் சாவதால் அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடைசெய்தது; டென்மார்க் 1996-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் ஈரநிலங்களிலும் தடுத்திருக்கின்றன. தடை நியாயமானது. ஆனால் மாற்றாக வந்த ஸ்டீல் ரவை பழைய குழலுக்கு எமன். ஈயம் மெத்தென்று நசுங்கி, குறுகிய முனைவழியே நெளிந்து போகும், ஸ்டீல் நசுங்காது. இறுகலான சோக் (முனைக் குறுக்கம்) உள்ள மெல்லிய குழலில் அது வளையம் வளையமாக வீக்கத்தை உண்டாக்கும். பிஸ்மத் ரவை மென்மையானது. அடர்த்தியும் ஈயத்தின் 11.3-க்குக் கொஞ்சம் குறைவாக 9.8, இரும்பின் 7.9-ஐவிட எவ்வளவோ மேல். விலை கடிக்கும். பழைய துப்பாக்கியை ஈயமில்லாமல் சுட விரும்புபவர் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் இதையெல்லாம் சுட இடம் குறைவு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். சுடுகிறவர்கள் சங்க மைதானங்களில் தட்டுதான் சுட வேண்டும். 2019 சட்டத் திருத்தத்தால் ஒருவர் பொதுவாக வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டாகக் குறைந்திருப்பதால், தாத்தாவின் இரட்டைக்குழலை வைத்திருப்பதா ஒப்படைப்பதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கிறது. வைத்திருக்க முடிவு செய்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பற்று உறுதியாக இருக்கிறது. சத்தம் செத்திருந்தால் எங்கோ விட்டிருக்கிறது. பூட்டிய நிலையில் முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டிப் பாருங்கள். குழலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் சுடக்கூடாது. இவை வீட்டில் செய்யக்கூடியவை. அறையின் நீளம், ஒன்பது அங்குலத்தில் உள்விட்டம், மெல்லிய இடத்தில் சுவரின் தடிமன் ஆகிய மூன்றையும் உரிமம் பெற்ற, கருவி வைத்திருக்கிற துப்பாக்கித் தொழிலாளியிடம் அளந்து எழுதி வாங்குங்கள். தோட்டாப் பெட்டியை மே மாத வெயிலில் காரில் விடாதீர்கள். சூடேறிய மருந்து கூடுதல் அழுத்தம் தரும். அளக்க ஆள் கிடைக்காவிட்டால் எண்ணெய் பூசி, உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு, பூட்டியே வையுங்கள்; சுட வேண்டாம்.